அப்பத்தாவின் பழைய சேலைகளில் பேரப்பிள்ளைகளுக்குச் சின்னதாக ஏதாவது தைக்க வேண்டும், யோசனை சொல்லுங்கள்

பாம்பன் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தா இறந்து வருகிற தையோடு ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பேரன் பேத்தி ஒன்பது பேரும் பாம்பன் வீட்டில் கூடுகிறோம், சவுதியில் இருக்கிற பெரிய அண்ணன் உட்பட. ஆளுக்கு ஒரு பொருள், அப்பத்தா சேலையிலேயே என் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ட்ரங்குப் பெட்டியில் ஆறு சேலை இருக்கிறது. சுங்குடி மூன்று, பரமக்குடி கைத்தறி இரண்டு, பாலியஸ்டர் ஒன்று. காட்டன் சேலை எல்லாம் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆகிவிட்டது, கன்னத்தில் வைத்தால் எடுக்க மனசு வராது.

அப்பத்தா கடல்பாசி பறிக்கப் போனவர். விடியுமுன் வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் போய் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். பாறையில் விரல் கிழியாமல் இருக்கப் பழைய சேலையை நாடா நாடாகக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார். சாயங்காலம் அந்தத் துணிச் சுருள்கள் கொடியில் காயும், நாங்கள் அதை உருவிக்கொண்டுபோய் பொம்மைக்குத் தாவணி கட்டுவோம். கடையில் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இந்தத் துணிதான் வேண்டும்.

அம்மாவின் மிதி மிஷின் இருக்கிறது. நைட்டி, தலையணை உறை, சேலைக்கு ஓரம் அடிப்பது வரை எனக்கு வரும். வீடியோ பார்த்து இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற மாதிரி ஒரு சின்ன விரிப்பு முயற்சி செய்தேன். தலையணைக் கடையில் ஃபைபர் பஞ்சு வாங்கி உள்ளே பரப்பி மிஷினில் ஓட்டினால் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுருங்கி நிற்கிறது, நடுவில் தையல் விட்டு விட்டு விழுகிறது, மூன்றாவது வரியில் ஊசி முறிந்துவிட்டது. அது போகட்டும் என்றால், அரக்குச் சுங்குடியையும் வெள்ளைக் கைத்தறியையும் ஒரே வாளியில் ஊறவைத்து வெள்ளைக் கரை முழுக்க ரோஸ் கலர் ஏறிவிட்டது. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

என்ன பொருள் தைக்கலாம், உள்ளே என்ன வைக்கலாம், சாயத்துக்கு என்ன செய்வது? இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை, மழை வேறு விட்டபாடில்லை.

தொண்டி டெய்லர் எழுதியது:

தங்கச்சி, லேடீஸ் டெய்லராக 20 வருஷத்துக்கு மேல் மிஷின் மிதிக்கிறேன். முதலில் அந்த ஃபைபர் பஞ்சைத் தூக்கி ஓரமாக வையுங்கள், அது தலையணைக்குள் அடைக்கிற சாமான், பரப்பித் தைக்கிறதுக்கு இல்லை. இலவம் பஞ்சும் வேண்டாம், நாலு துவைப்பில் ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும். வீட்டில் பழைய தேங்காய்ப்பூ துண்டு இருக்குமே, அதுதான் நம்ம ஊருக்குச் சரியான நடுத்துணி. புதுத் துண்டாக இருந்தால் இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் தைத்த பிறகு அது சுருங்கி மேல்துணி பொங்கி நிற்கும்.

ஊசி முறிந்ததற்கு வருகிறேன். 14ஆம் நம்பர் ஊசி போட்டிருப்பீர்கள். 16 போடுங்கள். 18 வேண்டாம், பழைய துணியில் ஓட்டை விழுந்து அந்த வரியிலேயே கிழியும். புது ஊசியாகப் போடுங்கள், நம் பக்கத்துக் காற்றுக்கு மிஷினிலேயே கிடக்கிற ஊசி ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும், விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும், தையல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். தையலை நீளமாக வையுங்கள், இஞ்சுக்கு எட்டுத் தையல் போதும். மிஷின் தலைக்கு மேலே, துணியை அழுத்திப் பிடிக்கிற கால் மாட்டியிருக்கிற கம்பியின் உச்சியில் ஒரு திருகு இருக்கும், அதை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். மேல்துணி தள்ளிக்கொண்டு போவது அந்த அழுத்தத்தால்தான். அப்புறம் மிஷினில் வைக்கும் முன்பு மூன்று துணியையும் சேர்த்துக் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தீர்கள் என்றால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து சேரும், அதை எந்த டெய்லராலும் எடுக்க முடியாது.

வெட்டும் முன்பு சேலையை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடமும் உட்கார்ந்து தேய்ந்த இடமும் சல்லடை மாதிரி தெரியும். இடுப்பில் செருகுகிற உள்பக்கமும் முந்தியும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அதிலிருந்து எடுங்கள். மெல்லிசாக இருக்கிற துண்டுக்கு அடியில் ஒரு காடாத் துணி கொடுத்துவிட்டால் தாங்கும்.

சாயத்துக்குக் கல்லுப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். நிற்கும்.

கீழக்கரை ராத்தா எழுதியது:

டெய்லர் தம்பி சொன்னதெல்லாம் சரி, கல்லுப்பு மட்டும் வேண்டாம். சாயத் தொட்டியில் உப்புப் போடுவது சாயத்தை நூலில் ஏற்றுவதற்கு. சாயம் போட்டு முடித்து வந்த சேலையில் ஒட்டாமல் மிச்சம் நிற்கிற சாயம்தான் கழன்று வருகிறது, அதை உப்பு இழுத்துப் பிடிக்காது. பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், தண்ணீர் நிறமில்லாமல் தெளிவாக வருகிற வரைக்கும், ஆறு தடவை ஆனாலும் சரி. பிறகு ஒரு வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையில் அழுத்தித் தேயுங்கள், வெள்ளையில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் தைக்கலாம். அதோடு நம் பக்கத்தில் போர்த் தண்ணீரே உப்பு, உப்பு தங்கின துணி மழைக்காலத்தில் காயவே காயாது, தொட்டால் நமுத்துப்போயே இருக்கும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இப்போதுதான் கூரையிலிருந்து கொட்டுகிறதே.

ரோஸ் ஏறின வெள்ளைக் கரையை இஸ்திரி போடாதீர்கள். நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் தனியாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முழுக்கப் போகாவிட்டாலும் வெளுக்கும். அப்படியும் நின்றால் அந்த இடத்தை உள்துணியாக வைத்துக்கொள்ளலாம்.

என்ன தைக்கலாம் என்று கேட்டீர்களே, என் வாக்கு சுருக்குப் பைக்கு. எங்கள் உம்மா இடுப்பில் ஒரு சுருக்குப் பை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, வெற்றிலை, பாக்கு, சாவி, எங்களுக்குக் கொடுக்கிற சில்லறை எல்லாம் அதற்குள்தான். என் மகள் கல்யாணத்துக்கு வந்த அவளுடைய கூட்டாளிகளுக்குப் பன்னிரண்டு தைத்தேன். சுங்குடியில் 11 இஞ்ச் வட்டம் ஒன்று, உள்ளுக்குக் காடாவிலோ கைத்தறியிலோ அதே அளவு வட்டம் ஒன்று. தட்டைக் கவிழ்த்து வைத்து வரைந்தால் வட்டம் சரியாக வரும். மேல்வட்டத்தில் ஓரத்திலிருந்து ஒன்றரை இஞ்ச் உள்ளே, எதிரும் புதிருமாக இரண்டு பட்டன் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், இதைத் தைத்து முடித்த பிறகு போட முடியாது. இரண்டு வட்டத்தையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்துக் காலிஞ்ச் விட்டுச் சுற்றித் தைத்து, இரண்டு இஞ்ச் திறந்து விட்டு அதன் வழியே வெளியே திருப்ப வேண்டும். திறந்த இடத்தைக் கையால் மூடிவிட்டு, ஓட்டைக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று தைத்தால் நாடா போகிற பாதை வந்துவிடும். ஒரு ஓட்டையில் ஒரு நாடா முழுச் சுற்றுப் போய் அங்கேயே வெளியே வரட்டும், எதிர் ஓட்டையில் இன்னொன்று. இரண்டு பக்கமும் இழுத்தால் பூ மாதிரி சுருங்கும். அந்தப் பாலியஸ்டர் சேலையை நாடாவுக்கு எடுங்கள், வழவழவென்று ஓடும், அறாது.

சுங்குடியின் சுட்டிகள் மடிப்புக்குள் போய்விடாமல் வட்டத்தின் நடுவில் வருகிற மாதிரி வைத்து வெட்டுங்கள். அடியைத் திருப்பிப் பார்க்கும்போது அந்தப் புள்ளிகள் வட்டமாக நிற்கும், அவ்வளவு அழகு. பனை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் வேறு பொட்டலம் தேவையில்லை.

பாம்பன் பேத்தி எழுதியது:

ராத்தா, டெய்லர் அண்ணே, ரொம்ப நன்றி. சாயம் இப்போது நின்றுவிட்டது, ஏழு தடவை அலசினேன். ஆனால் கத்தரிக்கோலை எடுத்த அன்றைக்கு அத்தை வந்தார், வெட்டக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். 1964 டிசம்பர் புயலில் அப்பத்தா தனுஷ்கோடியிலிருந்து கட்டிய சேலையோடு வந்தவர். மாற்றுச் சேலை இல்லாமல் ஈரத்தோடு நின்றதைச் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார், அதனால்தான் பெட்டியில் சேலை சேர்த்து வைத்தார், அதைப் போய்த் துண்டு துண்டாக்குவாயா என்று அத்தை கேட்கிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாலு நாளாகப் பெட்டியை மூடியே வைத்திருக்கிறேன்.

மண்டபத்துக்காரி எழுதியது:

உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். அப்பத்தாவே சேலையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டுதானே கடலில் இறங்கினார். எந்தச் சேலையை உடுத்துவது, எதைக் கிழிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்காக இல்லாமல், அந்த விரல் துணியை ஞாபகப்படுத்துகிற மாதிரி. ஆறில் ஒன்றை முழுசாக அத்தைக்கே கொடுத்துவிடுங்கள், எது வேண்டும் என்று அவரே எடுக்கட்டும். நம் கடற்கரையில் பெட்டியில் கிடக்கிற காட்டன் எத்தனை வருஷம் தாங்கும் என்று அத்தைக்கும் தெரியும், மடிப்பு மடிப்பாகக் கருப்புப் புள்ளி விழுந்து இற்றுப்போகும். என் அம்மாவின் கண்டாங்கிச் சேலையை அப்படித்தான் இழந்தேன், வெட்ட மனசில்லாமல் வைத்திருந்து வைத்திருந்து ஒருநாள் பிரித்தால் மடிப்பிலேயே பிளந்துவிட்டது.

அப்புறம் மிஷின் இல்லாமலே ஒன்று சொல்கிறேன். வங்காளத்தில் காந்தா என்பது இதேதான், பழைய காட்டன் சேலைகளை அடுக்கி, நடுவில் பஞ்சே இல்லாமல், கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவது. அந்தக் காலத்தில் நூல்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவினதுதான். கர்நாடகத்தில் கவுதி என்கிறார்கள். அங்கே வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைப்பது ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும், நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ மாதிரி வைத்து முடிப்பார்கள். இது டெய்லர் அண்ணன் சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் கையில் தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் துணியை நீவிக்கொண்டே போகலாம் என்பதால் அங்கே சுருங்குவதில்லை.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை யாருக்காவது இருந்தால் கைத்தறியில் பாதியை, அதாவது இரண்டே முக்கால் மீட்டரை, மூன்றாக மடித்தால் ஒரு விரிப்புக்குச் சரியாக வரும். விரலகலம் இடைவெளி விட்டு வரி வரியாக ஓட்டுங்கள். நான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் தங்கை குழந்தைக்கு மூன்று வாரத்தில் முடித்தேன். ஒரு துவைப்புப் போட்டதும் தையல் வரிகள் லேசாகச் சுருங்கி அலை அலையாக வரும், குறையில்லை, அதுதான் அதன் அழகு.

தொண்டி டெய்லர் எழுதியது:

உப்பு விஷயத்தில் ராத்தா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், என் குருநாதர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டிருந்தேன். ஒன்று மட்டும் கவனம். அடுப்பில் பாத்திரம் இறக்குகிற பிடிதுணி யாருக்காவது தைப்பதாக இருந்தால் அதில் பாலியஸ்டர் ஒரு இழைகூட வரக் கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். நூலும் காட்டன் நூலாகவே போடுங்கள். உள்ளே துண்டு இரண்டு அடுக்கு.

பாம்பன் பேத்தி எழுதியது:

அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே பெட்டியைத் திறந்து ஊதாச் சுங்குடியை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டிக்கோ என்றார். அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தேன்.

சுருக்குப் பை ஐந்து முடிந்தது. அக்காவின் குழந்தைக்கு விரிப்பு முக்கால்வாசி வந்துவிட்டது, ரோஸ் ஏறின கரையை உள்ளடுக்கில் வைத்துவிட்டேன், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் லேசாகத் தெரிகிறது. சவுதி அண்ணனுக்குப் பாஸ்போர்ட் வைக்கிற அளவில் ஒரு உறை, கரும்பச்சைச் சுங்குடியில். சமைக்கிற அண்ணிமார் இருக்கிற இரண்டு வீட்டுக்குப் பிடிதுணி ஜோடி. ஒன்பது கணக்குச் சரியாக வந்தது, ஆனால் நேற்று அத்தை எனக்கு ஒன்று இல்லையா என்று கேட்டுவிட்டார், அவருக்கும் வெற்றிலைப் பை ஒன்று தைக்கிறேன். பிடிதுணிக்கு ஓரத்தில் பைப்பிங் வைக்க வேண்டும், துண்டு இரண்டு அடுக்கு இருப்பதால் கனமாக இருக்கிறது. டெய்லர் அண்ணே, குறுக்குத் துணி எத்தனை இஞ்ச் அகலம் வெட்டட்டும்?

தொண்டி டெய்லர் எழுதியது:

இரண்டு இஞ்ச் வெட்டுங்கள். துணியை முக்கோணமாக மடித்து, மடிப்பு வரிக்கு நேராகவே வெட்ட வேண்டும், அப்போதுதான் மூலையில் இழுத்துத் திருப்ப வரும். ஒரு மூலையை முதலில் வேறு துணியில் தைத்துப் பார்த்துவிட்டு அப்பத்தா துணியில் கை வையுங்கள்.