பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ.வை டிராக்குக்கு மாற்றி ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் இ220

எழுதலாமா வேண்டாமா என்று எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன். சரி, எழுதிவிடுகிறேன்.

வண்டி எங்கள் ஐயா 1996-ல் எடுத்தது. பென்ஸ் டபிள்யூ124, இ220, ஐந்து கியர் மேனுவல், பூனேயில் கோத்தது. இங்கே இருப்பவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி நான் சொல்லி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங், புது ஷாக், புது டயர், முன்பக்கம் அதிகச் சூடு தாங்கும் டிராக் பிரேக் பேட். அவ்வளவுதான். இன்ஜினைத் தொடவில்லை. 150 குதிரைத்திறன் எனக்குப் போதும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் காரைக்குடிப் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து, விரலை விட்டு எடுத்துக் காட்டினார். டீ டிக்காஷன் நிறம். "மாத்திடுவோமா தம்பி? ஒரு மணி நேர வேலை." விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். "வந்து பார்த்துக்கலாம் அண்ணே" என்றேன்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக். ஐந்தாவது சுற்று. மெயின் ஸ்ட்ரெயிட்டில் 140-ஐத் தாண்டி வருகிறேன். பிரேக்கில் கால் வைத்தால் எதிரே ஒன்றுமே இல்லை. ஊறின பஞ்சு மெத்தையில் மிதித்த மாதிரி பெடல் தரை வரைக்கும் போகிறது. இரண்டு தடவை பம்ப் அடித்தேன், பாதி பிடித்தது. மூணாவது கியர், இரண்டாவது கியர். அப்போதுதான் இடது கால் தானாகப் போய் பார்க்கிங் பிரேக்கை மிதித்தது. இந்த வண்டியில் அது கைப்பிடி இல்லை, காலால் மிதிப்பது, உங்களுக்குத் தெரியும். ஊர் வளவு வாசலில் நிறுத்தும்போது தினமும் கேட்கிற அதே கரகர சத்தம், அந்த வேகத்தில் கேட்டது. விடுவிக்கிற பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே மிதித்தேன், இல்லாவிட்டால் அது பூட்டிக்கொண்டு நின்றுவிடும். பின் டயர் கிறீச்சிட்டது, வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் விலகியது, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கரகர சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தேவகோட்டை 325

அண்ணே, உங்களுக்கு பிரேக், எனக்குத் தண்ணீர்.

2003 மாடல் பி.எம்.டபிள்யூ. 325, இ46. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே, சித்திரை மாத வெயில். அந்த டிராக் சின்னது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இன்ஜினுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. வெப்பமுள் அச்சு அசலாக நடுவில் நின்றது. நானும் நிம்மதியாக ஓட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்த முள் பொய் சொல்லும் முள். ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரை எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே வைத்திருக்கிறது, ஓட்டுபவர் பயப்படக் கூடாதாம். அது நகர ஆரம்பிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். எனக்கு நகர்ந்த மறு நிமிடம் பானெட் இடுக்கில் ஆவி வந்தது. இன்ஜின் சூட்டை இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பிட் வரை உருட்டினேன். வெளியே கொளுத்துகிறது, உள்ளே ஹீட்டர். முழங்கால் வெந்துவிட்டது.

பிளாஸ்டிக் கூலன்ட் டப்பா ஓரம் பிளந்திருந்தது. வாட்டர் பம்பைக் கழற்றியபோது அதன் இறக்கையும் பிளாஸ்டிக். நாலு துண்டு மெக்கானிக்கின் உள்ளங்கையில் இருந்தது, ஐந்தாவதைத் தேட வேண்டியிருந்தது. டிராக்குக்குப் போவதற்கு முன் பணத்தையெல்லாம் சைலன்சரிலும் சக்கரத்திலும் போட்டேன். அதில் பாதியில் பம்ப், டப்பா, தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் புதிதாக மாட்டியிருக்கலாம்.

அந்த ஐந்தாவது துண்டு ரேடியேட்டருக்குள் இருந்தது.

கோட்டையூர்க்காரன்

இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், வயசானவன் சொல்கிறேன். டபிள்யூ124-ஐ டிராக்குக்கு எடுத்துப் போனதே எனக்கு ஒப்பவில்லை. அதன் ஸ்டீயரிங் ரேக் கிடையாது, ரீசர்குலேட்டிங் பால் என்கிற, உள்ளே குண்டுகள் உருளும் பழைய முறை. நெடுஞ்சாலையில் ஒரு விரலால் பிடித்துப் போகச் செய்தது. ஸ்டீயரிங் நடுவில் கொஞ்சம் லூஸ் இருக்கும், இருக்க வேண்டும். ஐயா காலத்து வண்டிக்கு இறுக்கமான ஸ்பிரிங் போட்டு என்ன சாதித்தீர்கள்? நம் ஊர்ச் சாலையில் முதுகுதான் வலிக்கும்.

நான் ரேஸே பிடிக்காதவன் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது சோழவரம் போயிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் அங்கேதான் எல்லாம். யுத்தக்காலத்து விமான ஓடுதளம், தட்டையான தார், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எதிரே வருகிற வண்டியைப் பார்க்கும் முன்பே சத்தம் நெஞ்சில் இடிக்கும். அதற்கென்றே செய்த வண்டிகள் அவை. ஒருவன் தன் தாத்தாவின் கப்பல் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதை நான் பார்த்ததில்லை.

என் சொந்த அனுபவம் கேட்டால் சின்னதுதான். 90-களில் ஒரு பட்டறையில் ஆசைக்காக ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினோம். வண்டி அழகாகத் தணிந்தது. ஒரு நாள் பஞ்சர் கடையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், வெட்டிய ஸ்பிரிங் இருந்த இடத்தைவிட்டுக் கழன்று தரையில் உருண்டது. கடைப் பையன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது உங்களோடதா?" என்று கேட்டான்.

கானாடுகாத்தான் இ220

பெரியவரே, நான் வெட்டவில்லை, அளவான ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்பக்க மல்ட்டி-லிங்க் சஸ்பென்ஷன் அந்தக் காலத்துக்கு எவ்வளவு நல்ல வேலை என்று வளைவில் ஓட்டினால்தான் தெரியும். ஷெட்டில் நிறுத்தித் துணி போட்டு மூடி வைத்தால் தெரியாது.

பள்ளத்தூர் ஆச்சி

தாத்தாவின் கார், அப்பச்சியின் கார் என்று ஆண்பிள்ளைகளே பேசுகிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன்.

எங்களுடையது இ250 டீசல். டீசலை டிராக்குக்கு எடுத்துப் போவதா என்று என் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். எடையைக் குறைப்போம் என்று முதல் நாள் இரவு முகப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இறக்கினோம். பின் சீட்டுக்குக் கீழே இரண்டு இழுப்பான் இருக்கும், இழுத்தால் அப்படியே கையோடு வந்துவிடும். தூக்கினேன். உள்ளே ஒரு காய்ந்த தேன்குழல் துண்டு, மடித்த பிள்ளையார்பட்டி அர்ச்சனைச் சீட்டு, அப்பச்சியின் மூக்குக்கண்ணாடிக் கூடு. அது தொலைந்துபோனதென்று வீட்டையே புரட்டியிருக்கிறோம், அவர் இருந்தபோது. கூட்டைத் திறந்தேன், கண்ணாடி உள்ளேயே இருந்தது. ஒரு பக்கத்தில் அவர் விரல் அடையாளம்.

அந்த நேரம் பார்த்து அப்பத்தா எழுந்து வந்தார்கள். சீட் திண்ணையில் கிடக்கிறது. "ஏன்டி, வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு நான் டிக்கியிலயா வர்றது?"

டிராக்கில் எல்லோரும் என்னை முந்திப் போனார்கள். ஒன்றும் பழுதில்லை, ஒன்றும் கொதிக்கவில்லை. சீட் வியாழக்கிழமையே திரும்ப ஏறிவிட்டது. கண்ணாடிக் கூட்டை மட்டும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், ஏனென்று கேட்காதீர்கள்.

புதுவயல் ஆறு சிலிண்டர்

எனக்கு நடந்தது இரண்டு வரி. டிராக்கில் முதல் ஓட்டம் முடிந்து வந்தபோது வலது முன்சக்கரத்தில் ஒரு போல்ட் இல்லை, மற்ற நாலும் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. முந்தின நாள் இரவு சக்கரத்தை மாட்டிய கடையில் குழாய் ஸ்பானரின் மேல் ஏறி நின்று இறுக்கினார்கள், அதை நம்பினேன்.

இப்போது மேலே எழுதியவர்களுக்கு. யாரும் கேட்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

இ220 தம்பி, உங்கள் பிரேக் ஆயில் கறுத்தது நிறப் பிரச்சினை மட்டும் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினபின் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் கணக்கு. டிராக்கில் காலிப்பர், அதாவது பேட்டை அழுத்தும் பிடி, அந்தச் சூட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம், அதனால்தான் பெடல் தரைக்குப் போனது. டிராக் பேட் போட்டதால் நிலைமை மோசமானது என்றுகூடச் சொல்வேன்: பேட் தாங்கியது, நீங்களும் அந்த நம்பிக்கையில் கடைசிவரை மிதித்தீர்கள், சூடெல்லாம் ஆயிலுக்குப் போனது. டாட் 5.1 போட்டால் புதிதில் 260, ஈரம் ஏறினபின் 180. ஆனால் 5 என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவை வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கான், இதோடு சேராது. பெயர்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

டயர். புது டயர் என்கிறீர்கள், என்றைக்குச் செய்தது? பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடையில் பல வருடம் படுத்திருந்த டயரும் புது டயர்தான், பார்வைக்கு. நம் வெயிலில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு டயர் பட்டன் தேயாது, ரப்பர் கல்லாகும்.

சக்கர போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர். டபிள்யூ124-க்கு 110 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை வையுங்கள்.

93, 94 வாக்கில் வந்த பென்ஸ் இன்ஜின்களில் ஒயரிங் மேல் உறை நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். உங்களுடையது 96, இருந்தாலும் ஒரு தடவை ஒயரை வளைத்துப் பாருங்கள்.

வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்ச் சட்டம், ரோல் கேஜ், போட நினைப்பவர்கள்: ஹெல்மெட் இல்லாமல் அதே வண்டியைக் காய்கறி வாங்க ஓட்டாதீர்கள். இரும்புக் குழாய் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் ஆர்.சி. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிடித்தால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை, ஆறு மாதம் சிறையும் சட்டத்தில் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் ஆர்.டி.ஓ. வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்சோ, ரேஸ், வேகச் சோதனை என்றால் கையை விரித்துவிடும், பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. டிராக்கில் சுவரில் மோதினால் உங்கள் காசு.

நீளமாகிவிட்டது. இன்னும் இருக்கிறது, நிறுத்துகிறேன்.

காரைக்குடி பையன் 02

டிராக் டேக்குக் கட்டணம், பெட்ரோல், 400 கிலோமீட்டர் பயணம் எல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. செட்டிநாட்டுப் பழைய ஏரோடிரோம் இருக்கிறதே? விடிகாலை அந்தப் பக்கம் ஒரு தடவை நண்பனின் பழைய அக்கார்டை முடுக்கினோம். மூணாவது கியரில் போகும்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப்பார்த்தது. தனியாக. அதன் பின்னால் முப்பது ஆடு இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு பிரேக் பிடித்தேன். நின்றுவிட்டோம். அது அசையவே இல்லை.

கோட்டையூர்க்காரன்

தம்பி, ஆட்டுக்குப் பின்னால் ஆள் வருவான். அதை நீ பார்க்கவில்லை. சோழவரம் ஓடுதளம்தானே என்று ஆரம்பித்தால் அங்கே கொடி காட்ட ஆள் இருந்தார்கள், ஆம்புலன்ஸ் இருந்தது. இனிமேல் அங்கே போகாதே.

காரைக்குடி பையன் 02

அப்புறம் போகவில்லை சார்.

கானாடுகாத்தான் இ220

எல்லோருக்கும் நன்றி. புதுவயல் அண்ணே, திரும்பி வந்த மறுநாளே ஆயிலை மாற்றினேன், நாலு சக்கரத்திலும் புது ஹோஸ். மெக்கானிக் அண்ணன் பழையதை ஒரு சோடா பாட்டிலில் பிடித்துக் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான் முதலில் எழுதாமல் விட்டது ஒன்று. அன்று பின் டயர் இழுபட்டதில் இரண்டும் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிட்டன. ஊர் வரைக்கும் 400 கிலோமீட்டர், டொப் டொப் டொப். திருச்சி தாண்டியதும் பாட்டைப் போட்டு அமுக்கப் பார்த்தேன், வேகம் குறையக் குறைய அதுதான் நன்றாகக் கேட்டது. தெருவுக்குள் திரும்பும்போது ஐயா திண்ணையில் இருந்தார். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார்.

நிறுத்தினேன். பார்க்கிங் பிரேக்கை மிதித்தேன், கரகர. அவர் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனார், குனிய முடியாமல் குனிந்து, டயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

டயர் இரண்டும் இன்னும் ஷெட்டில்தான் சாய்த்து வைத்திருக்கிறது. பழைய சாமான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டார், ஐயா கொடுக்க மாட்டேன் என்கிறார்.