டி-டே சி-47: மிஞ்சியிருக்கும் விமானங்களின் படங்களில் எதை நம்பலாம்? (1/72)

முகில்72:
வணக்கம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) சி-47 கிட், அதாவது இரண்டாம் உலகப் போரின் இரட்டை இன்ஜின் படைப் போக்குவரத்து விமானம், 2014-இல் வந்த புது அச்சு, கட்டப் போகிறேன். 1944 ஜூன் 6 அதிகாலையில் (டி-டே, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள்) பாராசூட் படைகளின் முதன்மை அணிக்குத் தலைமை தாங்கிப் பறந்த 42-92847 'தட்ஸ் ஆல், பிரதர்'தான் இலக்கு. கையில் மூன்று விமானங்களின் குளோஸ்-அப் படங்கள் இருக்கின்றன: அதே விமானத்தின் இன்றைய நிலை, நியூயார்க் மாநிலம் ஜெனசியோவில் உள்ள 'விஸ்கி 7' (43-30652), நார்மண்டியில் சென்ட்-மேர்-எக்லீஸ் மியூசியத்தில் நிற்கும் 'ஆர்கோனியா'. ஆன்டெனா, உள்ளே இருக்கைகள், கதவு, படையெடுப்புப் பட்டைகள் (நேச நாட்டு விமானம் என்று காட்டும் கறுப்பு-வெள்ளைப் பட்டைகள்) என்று எதிலும் மூன்றும் ஒத்துப்போகவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது?

ரிவெட்காரர்:
ஒத்துப்போகாதுதான். போர் முடிந்ததும் இவை பல கை மாறி, பல வேலை பார்த்தவை. நீங்கள் கட்டும் விமானமே 2015-இல் அமெரிக்காவின் ஆஷ்காஷில் டர்போப்ராப் (ஜெட் வகை இன்ஜின்) மாற்றத்துக்காகக் காத்துக் கிடந்தபோது அடையாளம் காணப்பட்டு, 2018-இல்தான் மறுபடி பறந்தது. அதனால் எலும்புக்கூட்டை நம்புங்கள், மேல்பூச்சையும் ஒட்டுச் சாமான்களையும் நம்பாதீர்கள். தகட்டு இணைப்பு, ரிவெட் வரிசை, சக்கரக் கால்களின் அமைப்பு, இன்ஜின், கதவின் கீல் ஆகியவற்றுக்கு இன்றைய படத்தை விடச் சிறந்த ஆதாரம் கிடையாது. ஆன்டெனா, நிறம், பளபளப்பு, இருக்கைகளுக்கு 1944 கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குத்தான் போக வேண்டும்.

கூரையிலும் வயிற்றிலும் துடுப்புபோல் நிற்கும் விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாக்கள், தட்டையான ஜிபிஎஸ் வட்டு எல்லாம் இன்று பறக்க அனுமதி வாங்குவதற்காக வைத்தவை. விட்டுவிடுங்கள். மூக்கின் அடியில் உள்ள இரண்டு பிட்டோ குழாய்களையும் (வேகம் அளப்பவை), காக்பிட்டுக்குப் பின்னால் கூரையில் உள்ள ஆஸ்ட்ரோடோம் குமிழையும் (விண்மீன் பார்த்து வழி அறியும் கண்ணாடிக் குமிழ்) வையுங்கள். முன்னணி விமானங்கள் சிலவற்றில் எஸ்சிஆர்-717 ரேடார் இருந்தது. அதன் குமிழ் வயிற்றுக்கு அடியில் தொங்கும். பாத்ஃபைண்டர் (முன்சென்று இறங்குமிடம் குறிக்கும்) விமானங்களில் மூக்கின் இரு பக்கமும் ரெபேக்கா (தரையிலுள்ள வழிகாட்டிக் கருவியைக் கண்டறியும்) ஆன்டெனா இருக்கும். உங்கள் சீரியல் எண்ணுக்கான போர்க்காலப் படத்தில் பார்க்காமல் இவற்றை ஒட்டாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஐலரான், எலிவேட்டர், ரடர் (இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பலகைகள்) மூன்றும் துணி போர்த்தியவை, ஃபிளாப் (தரையிறங்கும்போது இறக்கையின் பின்னால் தாழும் பலகை) மட்டும் உலோகம். ஒரே ஆலிவ் டிராப் (மங்கிய பச்சைப் பழுப்பு) அடித்தாலும் துணியில் அது வேறு மாதிரி வெளுக்கும். அடிப்படை நிறத்தில் ஐந்து சொட்டுக்கு ஒரு சொட்டு வெளிர் சாம்பல் கலந்து அந்தப் பகுதிகளுக்கு மட்டும் மெல்லிய ஒரு கோட் கொடுங்கள், போதும். உடல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தவை, ரிவெட்டின் தலையும் உருண்டை. கிட்டிலோ எல்லாமே பள்ளமான கோடுகள். அவற்றில் கறுப்பு வாஷ் (நீர்த்த நிறம்) ஊற்றினால் விமானம் ஓடு பதித்த சுவராகிவிடும். அடிநிறத்தை விட ஒரு படி மட்டும் கறுத்த பழுப்பு போதும். இன்ஜினுக்கு வெளியே, நடு இறக்கையும் வெளி இறக்கையும் சேரும் இடத்தில் ஓடும் பட்டையை மட்டும் அழுத்திக் காட்டுங்கள். நிஜத்திலும் அது எடுப்பாகத் தெரியும்.

அந்த இடத்திலேயே ஓர் எச்சரிக்கை. நடு இறக்கை மட்டமாகப் போகும், அதற்கு வெளியே உள்ள பகுதிதான் மேல்நோக்கி ஏறும். பசை காய்வதற்குள் கண்ணாடித் தட்டில் வைத்து இரண்டு நுனிகளின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். மொத்த அகலம் 404 மி.மீ. வருவதால் சிறு கோணப் பிசகுகூட நுனியில் பளிச்சென்று தெரியும்.

ஜன்னலோரம்:
உள்பக்கமும் கதவும் பற்றி. போர்க்கால இருக்கை என்பது சுவரோரம் மடக்கி வைக்கக்கூடிய உலோகத் தட்டு வரிசை. இரு பக்கமும் சேர்த்து 28 பேர் உட்காரலாம். மிஞ்சியிருக்கும் விமானங்கள் பலவற்றில் தெரியும் நைலான் பட்டை இருக்கை பின்னால் வந்தது, அதைப் பார்த்து வலை பின்ன வேண்டாம். ஜன்னல் கண்ணாடி நடுவில் துப்பாக்கி நீட்ட ஒரு வட்டத் துளையும் அதற்கு அடைப்பானும் உண்டு. 1/72-இல் அது ஒரு மி.மீ.க்கும் குறைவு. துளை போட முயன்றால் கண்ணாடி விரிசல் விடும். கூர்மையான பல்குச்சி நுனியால் ஒரு சாம்பல் புள்ளி வைப்பது மேல்.

சரக்குக் கதவு இடப்பக்கம், இரட்டைக் கதவு. குதிக்கும் நாளில் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். ஸ்டாடிக் லைன் (குதித்ததும் பாராசூட்டைத் திறந்துவிடும் கயிறு) சிக்காமலிருக்க வாசலின் விளிம்பு, கீல் எல்லாவற்றிலும் டேப் சுற்றினார்கள். கண்காட்சியில் நிற்கும் விமானங்களில் இந்த டேப் அநேகமாக இருக்காது, ஆனால் டி-டே மாடலுக்கு உயிர் கொடுப்பது இதுதான். மாஸ்கிங் டேப்பை 1 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டி, மங்கிய காக்கி நிறம் அடியுங்கள். டேப்பை நேராக ஒட்டாதீர்கள், சிறு சிறு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். கதவு திறந்திருப்பதால் கூரையோரம் ஓடும், ஸ்டாடிக் லைனை மாட்டும் கம்பியும் கண்ணில் படும். தீயில் காட்டி இழுத்த ஸ்ப்ரூ (கிட் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) இழை அதற்குப் போதும்.

ஜன்னல்களுக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ வேண்டாம். உடலை மூடிய பிறகு அதன் ஆவி உள்ளேயே தங்கிக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும், துடைக்கவும் வழியிருக்காது.

பட்டைத்தாரை:
பட்டைகள். விதிப்படி இரட்டை இன்ஜின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 24 அங்குலம்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. 1/72-இல் ஒன்று 8.5 மி.மீ., ஐந்தும் சேர்ந்து 42.3 மி.மீ. இறக்கையில் இன்ஜின் கூட்டின் வெளி விளிம்பிலிருந்து 8.5 மி.மீ. தள்ளித் தொடங்கும், மேலும் கீழும் சுற்றி வரும். உடலில் வால் இறக்கையின் முன்விளிம்புக்கு 18 அங்குலம், அதாவது 6.4 மி.மீ. முன்னால் முடியும்.

இது காகிதத்தில் உள்ள கணக்கு. படை ஏற்றும் பிரிவுகள் ஜூன் 3 அன்று அவசரமாகப் பூசியவை இவை. இன்றைய விமானங்களில் டேப் ஒட்டி ஸ்பிரே செய்த கூர்மையான ஓரத்தைப் பார்த்து அப்படியே அடித்தால் அது ஏர்ஷோ விமானம், 1944 விமானம் அல்ல. டெகால் (ஒட்டுப்படம்) பட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். முதலில் ஆலிவ் டிராபும் அடியில் நியூட்ரல் கிரேயும் முழுதாக அடித்துக் காய விடுங்கள். பென்சிலால் எல்லை குறித்து, சிறிது காவி கலந்த வெள்ளையை நீர்த்து, தட்டைப் பிரஷ்ஷால் இரண்டு கோட். அடிநிறம் ஆங்காங்கே லேசாகத் தெரிவது நல்லதே. பிறகு இரண்டு கறுப்புப் பட்டைகள். சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல். வெள்ளை முழுதாகக் காயாமல் கறுப்பை வைத்தால் இரண்டும் குழம்பி அழுக்காகும். அக்ரிலிக் என்றாலும் ஓர் இரவு விடுங்கள்.

வாலில் உள்ள சீரியலில் ஆண்டின் முதல் இலக்கம் வராது. 292847 என்றுதான் எழுதியிருக்கும். பட்டை அடித்த பிறகே ஒட்டுங்கள்.

முகில்72:
மிக்க நன்றி. ரேடார் குமிழுக்குப் பழைய படம் தேடுகிறேன். இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒயர் வைப்பது வீண் வேலையா? பறக்கும் விமானத்தின் இன்ஜினை அப்படியே பார்த்துச் செய்யலாமா?

ரிவெட்காரர்:
வீண் இல்லை. சி-47-இன் கௌலிங் (இன்ஜின் உறை) வாய் அகலமானது, உள்ளே நன்றாகத் தெரியும். இதன் ஆர்-1830 இன்ஜினில் 14 சிலிண்டர், தலைக்கு இரண்டு பிளக், ஆக 28 ஒயர். முன்னால் தெரியும் 14-ஐ மட்டும் வையுங்கள். பழைய சார்ஜர் கேபிளை உரித்தால் 0.1 மி.மீ. செம்பிழை கிடைக்கும், அளவுக்கு அதுவே சரி. சிலிண்டர் கருத்த எஃகு நிறம், முன் கியர் உறை சாம்பல். அமைப்புக்குப் பறக்கும் விமானத்தைப் பார்க்கலாம், சுத்தத்துக்கு அல்ல: போர்க்கால இன்ஜினில் எண்ணெய் வழிந்திருக்கும். புரொப்பெல்லர் நுனி மஞ்சள் 4 அங்குலம், 1.4 மி.மீ.; முதலில் மஞ்சள் அடித்து மறைத்துவிட்டுக் கறுப்பு அடியுங்கள், மாற்றிச் செய்தால் மஞ்சள் மூன்று கோட்டுக்கும் ஏறாது.

ஜன்னலோரம்:
ஹிண்டனில் உள்ள இந்திய விமானப்படையின் விபி905-ஐயும் இதே கிட்டில் யாராவது செய்ய நினைத்தால் ஒன்று: 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதல் படையை ஏற்றிச் சென்ற விபி905-இன் எண்ணைத் தாங்கி நிற்பது அது. உடல் வேறு, பிரிட்டிஷ் விமானப்படையில் கேஎன்397 ஆக இருந்த டகோட்டா (சி-47-இன் பிரிட்டிஷ் பெயர்). எனவே 1947 விமானத்தைக் கட்ட அதன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அக்காலப் படங்களோடு ஒப்பிட்ட பிறகே ஆன்டெனாவும் உள்பக்கமும்.