குடோன் கேமரா மட்டும் தெரியவில்லை, ஸ்பானிங் ட்ரீ தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஆபீஸ், கட்டிங் ஷெட், குடோன் என மூன்று ஸ்விட்ச். ஒன்று அறுந்தாலும் ஓடட்டும் என்று முக்கோணமாக இணைத்திருக்கிறோம்; தரவு சுற்றிச் சுற்றி ஓடாமல் ஒரு லிங்கை அடைத்து வைப்பது ஸ்பானிங் ட்ரீ. வி-லேன் (ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க்) இரண்டு: எண் 10 கணினிகளுக்கு, எண் 20 கேமராக்களுக்கு. ரெக்கார்டர் ஆபீஸில்.

போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து குடோன் கேமராக்கள் தெரியவில்லை. கட்டிங்–குடோன் கேபிளைப் பிடுங்கினால் அரை நிமிடத்தில் வந்துவிடுகின்றன!

தேடிப் பார்த்ததில், கட்டிங் ஷெட் ஸ்விட்ச்தான் ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்; எந்த லிங்க் திறந்திருக்கும் என்பது இதை வைத்தே). மூன்றிலும் பிரையாரிட்டி (குறைந்த எண்தான் ரூட் ஆகும்) 32768 என்பதால் மேக் முகவரி (ஸ்விட்ச்சின் வன்பொருள் எண்) சிறியதாக உள்ள அந்தப் பழைய பெட்டி ஜெயித்திருக்கிறது. அதனால் ஆபீஸ்–குடோன் லிங்க் பிளாக் ஆகிறது. கட்டிங்–குடோன் லிங்கிலோ வி-லேன் 20 சேர்க்கப்படவே இல்லை. எங்கள் ஸ்விட்ச்களில் எல்லா வி-லேனுக்கும் ஒரே மரம்தான்; எந்த போர்ட்டில் எந்த வி-லேன் என்று அது பார்ப்பதில்லை.

ஆபீஸ் ஸ்விட்ச்சுக்குப் பிரையாரிட்டி 4096 கொடுத்து, மூன்று லிங்கிலும் வி-லேன் 10, 20 இரண்டையும் டேக் செய்யலாம் (எண் குறியிட்டு அனுப்பலாம்) என்றிருக்கிறேன். முதலில் எதைச் செய்வது? பழைய ஸ்விட்ச்சில் ஆர்எஸ்டிபி (ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவம்) கிடையாது. மற்ற இரண்டில் மட்டும் போட்டால் பிரச்சினை வருமா? ராத்திரி குடோனில் காவலர் ஒருவர்தான், கேமரா இல்லாமல் விட மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.