சிறிய கேபினெட்டில் பவர் சப்ளையும் கிராபிக்ஸ் கார்டும்: மாற்றியவர்களின் அனுபவங்கள்

அலுவலகப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட, மெலிந்த கேபினெட் கொண்ட கணினி ஒன்றில் பவர் சப்ளையையும் கிராபிக்ஸ் கார்டையும் அண்மையில் மாற்றினேன். இத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கார்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே பவர் சப்ளை தாங்குமா என்று யோசிக்கிறார்கள். கேபினெட்டைத் திறந்து, பவர் சப்ளையின் ஸ்டிக்கரையும், அதிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் பிளக்குகளையும், கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்கு அருகில் உள்ள இடைவெளியையும் பார்த்த பிறகே கார்டைப் பற்றிய பேச்சை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் கணினியில் இருந்தது 180 வாட் பவர் சப்ளை யூனிட். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டிக்கரில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் எடுக்கின்றன. 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசசர்கூட, மாடலைப் பொறுத்து, கடும் வேலையின் தொடக்கத்தில் சில வினாடிகளுக்கு 100 வாட்டைத் தாண்டக்கூடும். அதன்மேல் ஐம்பது, அறுபது வாட் கார்டு ஒன்றையும் ஏற்றினால் 180 வாட் யூனிட்டுக்குத் திணறல்தான் மிஞ்சும். ஸ்டிக்கரில் இருக்கும் '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்துச் சிலர் தைரியம் கொள்கிறார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, யூனிட் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்வதில்லை.

அடுத்த தடை பிளக்குகள். வழக்கமான 24 பின் பிளக் என் போர்டில் கிடையாது. அந்த நிறுவனத்துக்கே உரிய சிறிய பிளக்குகள்தான் இருந்தன. யூனிட்டின் உருவமும் சிறிய கேபினெட்டுகளுக்கெனக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எஸ்.எஃப்.எக்ஸ்., டி.எஃப்.எக்ஸ். ஆகிய பொது அளவுகளுடன் பொருந்தவில்லை. ஆகவே, அதே தயாரிப்பு வரிசையில் கூடுதல் திறனுள்ள மாடலுக்கென்று வெளியான 260 வாட் யூனிட்டைத் தேடி எடுத்தேன். வாங்கும் முன், யூனிட்டின் உதிரிபாக எண்ணையும், திருகுத் துளைகள் இருக்கும் இடத்தையும், பிளக்கின் பின் வரிசையையும், வயரின் நீளத்தையும் படங்களை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் முழு மாற்றமும் இதில்தான் நிற்கிறது.

மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்த பிறகே உள்ளே கை வைத்தேன். பின்புறத் திருகுகளை எடுத்தாலும் பழைய யூனிட் உடனே வெளியே வராது. அடிப்பக்கத்தில் ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். முன்பக்கமாக ஒரு விரலளவு தள்ளினால் கொக்கி விடுபடுகிறது. அதன் பிறகே மேலே தூக்க வேண்டும். பிளக்கின் பக்கவாட்டிலுள்ள சிறிய நெம்பை நகத்தால் அழுத்தியபடி பிளக்கையே பிடித்து நேராக இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் பின்கள் தளர்ந்துவிடும்.

கார்டு விஷயத்தில் என் கணினியே தேர்வைச் சுருக்கிவிட்டது. கார்டைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதிலும் 12 வோல்ட் பங்கு 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். தனி மின்பிளக் இல்லாத லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டுகளில் ஜி.டி. 1030 சுமார் 30 வாட்டும், ஆர்.எக்ஸ். 6400 சுமார் 53 வாட்டும், 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 சுமார் 70 வாட்டும் எடுப்பவை. என் போர்டின் பெரிய ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியே இருப்பதால், இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு உள்ளே இறங்காது. ஆகவே ஒற்றை ஸ்லாட் தடிமனில் கிடைத்த ஆர்.எக்ஸ். 6400 கார்டைப் பொருத்தினேன். அது ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் (லேன்) நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போர்டில் சில விளையாட்டுகளில் வேகம் குறையும். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடிங் வன்பொருளும் அதில் இல்லை. திரையைப் பதிவு செய்பவர்கள் இதை அவசியம் கருத்தில் கொள்ள வேண்டும்.

மறுமொழி

என் கேபினெட்டில் டி.எஃப்.எக்ஸ். யூனிட்டுக்கு இடம் இருந்ததால், 24 பின்னை நிறுவனத்தின் பிளக்காக மாற்றும் அடாப்டர் வழியாகச் சென்றேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில போர்டுகள் கணினி அணைந்திருக்கும்போதும் 12 வோல்ட்டை எதிர்பார்க்கின்றன. பொதுவான யூனிட்டுகளோ அந்நேரத்தில் 5 வோல்ட்தான் தருகின்றன. அத்தகைய போர்டுக்கு, அந்த 5 வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறிய சர்க்யூட் உள்ள அடாப்டர்தான் வேண்டும். வயர்களை இடம் மாற்றிக் கோத்துவிட்ட அடாப்டர் அங்கே பயன்படாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா மின்பிளக் ஒன்றை மட்டும் 6 பின் மின்பிளக்காக மாற்றும் கேபிளைக் கார்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு உள்ள மூன்று பின்களும் தலா 1.5 ஆம்பியர் தாங்குபவை. மொத்தம் 54 வாட்தான். 6 பின்னோ 75 வாட் வரை எடுக்கும் உரிமை பெற்றது. பிளாஸ்டிக் உருகி நெருப்புப் பிடிக்கும் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மறுமொழி

கார்டைப் பொருத்தியபின் திரை இருண்டே இருந்தால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிள் மதர்போர்டிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல போர்டுகள் தனிக் கார்டைக் கண்டதும் தமது காட்சி வெளியீட்டை நிறுத்திவிடுகின்றன. பழைய கணினியானால், கார்டைப் பொருத்தும் முன்பே பயாஸை (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்து, துவக்க முறையை யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறைக்கு மாற்றத் திட்டமிடுங்கள். ஆனால் விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால், வட்டை முதலில் ஜி.பி.டி. என்ற புதிய பகிர்வு அமைப்புக்கு மாற்றாமல் துவக்க முறையைத் தொடக்கூடாது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். எனக்குக் கார்டின் மின்விசிறிக்கும் பவர் சப்ளையின் தகட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்களே எஞ்சின. அந்த வழியில் தொங்கிய ஹார்டு டிஸ்க் கேபிளை ஓரமாகக் கட்டி, முன்பக்க மின்விசிறியின் வேகத்தைப் பயாஸில் ஒரு படி கூட்டிய பிறகு கார்டின் வெப்பம் அடங்கியது. மூடியைப் போட்ட நிலையில் அரை மணி நேரம் சுமை ஏற்றிப் பார்த்த பிறகே திருகுகளை முடுக்கினேன்.