மறுமொழி: ‘நகராட்சி இணைப்பு’ சரிவராது, ‘ஒன்றாக்கம்’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

> டச்சுக்காரர்களின் ‘ஹெரின்டேலிங்’ என்பதற்கு ‘நகராட்சி இணைப்பு’ என்று எழுதிவிட்டால் போதும். எல்லாருக்கும் புரியும். இதற்கு இவ்வளவு நீள இழை எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். உள்ளாட்சிகளின் எல்லைகளை மாற்றி வகுப்பதற்கு டச்சில் வழங்கும் சொல் அது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டி, அக்டர்ஹூக் என்றொரு வட்டாரம் இருக்கிறது. பெயருக்கே ‘பின்மூலை’ என்றுதான் பொருள். கெல்டர்லாந்து மாகாணத்தின் பின்மூலை. மேய்ச்சல் நிலம், வரப்போர மரவரிசை, மக்காச்சோளக் கொல்லை, நடுநடுவே சின்னச் சின்ன ஊர்கள். அங்கே குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அவ்வப்போது சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுப்பேன். அண்மையில் ஒரு பிறப்புச் சான்றிதழ் வந்தது. குழந்தை நேடெ என்ற ஊரில் வீட்டிலேயே பிறந்தது. சான்றிதழில் பிறந்த இடம் ‘பெர்கல்லாந்து’ என்று இருந்தது. நானும் யோசிக்காமல் ‘பிறந்த ஊர்: பெர்கல்லாந்து’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா தொலைபேசியில் கேட்டாராம், “பிள்ளை நேடெயில எண்டுதானே சொன்னனீங்கள், இதென்ன வேற ஊர்?” என்று.

அவர் கேட்டது நியாயம். பெர்கல்லாந்து என்று ஓர் ஊரே கிடையாது. போர்குலோ, ஐபர்கன், நேடெ, ரூர்லோ என்ற நான்கு உள்ளாட்சிகளை 2005 சனவரி 1 அன்று கலைத்துவிட்டு, அவ்வழியே ஓடும் பெர்கல் ஆற்றின் பெயரை வைத்து உண்டாக்கிய ஒரே உள்ளாட்சி அது. டச்சுப் பதிவேட்டில் பிறந்த இடமாக எழுதப்படுவது உள்ளாட்சியின் பெயர். 2004 டிசம்பரில் நேடெயில் பிறந்தவருக்குக் கடவுச்சீட்டில் ‘நேடெ’ என்று வரும். அடுத்த மாதம் பக்கத்து வீட்டில் பிறந்தவருக்கு ‘பெர்கல்லாந்து’ என்று வரும். ஆனால் வீட்டு முகவரியில் இன்றைக்கும் நேடெதான். ஊர் நுழைவிலுள்ள நீலப் பலகையிலும் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ளாட்சிப் பெயர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆட்சி மட்டும் வேறிடம் போய்விட்டது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது என்பதே என் கட்சி.

முதலில் ‘நகராட்சி’. டச்சில் ‘கெமேன்ட்டெ’ என்பது ஒரே படிநிலை. ஆம்ஸ்டர்டாமும் கெமேன்ட்டெதான், ஆயிரம் பேர்கூட இல்லாத ஸ்கிர்மோனிக்கோக் தீவும் கெமேன்ட்டெதான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்றோ, மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்றோ நாம் பழகிய ஏணி அங்கே இல்லை. பசுக்களும் பண்ணைவீடுகளும் நிறைந்த பெர்கல்லாந்தை நகராட்சி என்றால் படிப்பவர் மனத்தில் வேறு படம் வரும். ‘ஊராட்சி’ என்றால் ஆம்ஸ்டர்டாம் இடிக்கும். நான் மேலே எழுதியது போல ‘உள்ளாட்சி’ என்பதையே எண்ணும் பெயராக்கி, ஓர் உள்ளாட்சி, நான்கு உள்ளாட்சிகள் என்று புழங்கலாம். செய்தித்தாள்களில் ‘உள்ளாட்சிகள்’ ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. இதில் இழையில் பெரிய மறுப்பு எதுவும் வரவில்லை, அதனால் மேலே போகிறேன்.

> இணைப்பு என்பதில் என்ன குறை?

வாக்கியம் அமைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ‘இணை’ என்ற வினை இன்னொரு பெயரை எதிர்பார்க்கிறது. எதனுடன் இணைந்தது என்ற கேள்வி உடனே எழும். “நேடெ ஐபர்கனுடன் இணைக்கப்பட்டது” என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதியதும் ஐபர்கன் பெரியதாகவும் நேடெ அதற்குள் போனதாகவும் ஆகிவிடுகிறது. நடந்தது அதுவல்ல. நான்கு மன்றங்களும் கலைந்தன, நான்கு மேயர் பதவிகளும் ஒழிந்தன, 2004 நவம்பரில் புது உள்ளாட்சிக்கென்று தனித் தேர்தல் நடந்தது. எதுவும் எதற்குள்ளும் போகவில்லை.

‘ஒன்றியம்’ என்று ஓர் அம்மா முன்மொழிந்திருந்தார். நல்ல சொல், ஆனால் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிகள் உயிரோடு இருக்கின்றன. இங்கே அவை இல்லை.

இதையெல்லாம் நினைத்துத்தான் போன மடலில் ‘கலைத்திணைப்பு’ என்று எழுதினேன். கலைத்து இணைப்பது. அதற்கு வந்த மறுப்பைப் பார்த்தேன்:

> ‘கலைத் திணை’ என்று வாசித்துவிட்டு, ஏதோ பண்பாட்டுத் துறை என்று நினைத்தேன். இலங்கையில் திணைக்களம் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் நிச்சயம் வரும்.

சரியான மறுப்பு. ஒருமுறை அப்படி வாசித்துவிட்டால் பிறகு வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை, எனக்கே. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது நான் வைப்பது ‘ஒன்றாக்கம்’. உருவாக்கம், நவீனமாக்கம் போல எளிய ஆக்கம். “நான்கும் ஒன்றாக்கப்பட்டன” என்றுதான் எழுத வரும். “நேடெ ஐபர்கனுடன் ஒன்றாக்கப்பட்டது” என்று எழுதினால் காதுக்கே இடறுகிறது. சொல்லே வாக்கியத்தைச் சரியான வழியில் கொண்டுபோகிறது. எனக்கு இதில் பிடித்தது அதுதான். ஒருங்கிணைப்பு என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அதை ஒருங்கிணைப்பாளர்களும் கூட்டங்களும் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

யார் பெரியவர் என்ற பேச்சு அந்த மக்களுக்குச் சும்மா பேச்சு இல்லை என்பதற்கு அங்கேயே ஒரு கதை இருக்கிறது. அதே 2005-இல் குரூன்லோவும் லிக்டன்ஃபோர்டெயும் ஒன்றாயின. குரூன்லோ 1277-இல் நகர உரிமை பெற்ற பழைய கோட்டை நகரம். 1627-இல் டச்சுப் படைத்தலைவர் ஃபிரெடரிக் ஹென்டிரிக் ஸ்பானியரிடமிருந்து முற்றுகையிட்டு மீட்ட இடம். குரோல்ஸ் பியருக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே. லிக்டன்ஃபோர்டெ உள்ளாட்சியோ மக்கள்தொகையில் பெரியது. புது உள்ளாட்சிக்கு முதலில் குரூன்லோ என்றே பெயர் வைத்தார்கள். லிக்டன்ஃபோர்டெக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எங்களை விழுங்கிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அடுத்த ஆண்டே, 2006-இல், பெயர் ‘ஓஸ்ட் கெல்ரெ’ என்று மாறியது. பழைய கெல்ரெ நாட்டின் கிழக்குப் பகுதி என்று பொருள். எந்த ஊரையும் சுட்டாத பெயர். ஒன்றாக்கத்தை இணைப்பு போலக் காட்டிய பெயரை அவர்களே இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. அவர்கள் பெயரில் காட்டிய கவனத்தை நாம் சொல்லில் காட்ட வேண்டாமா?

அப்படியானால் குரூன்லோ இப்போது என்ன? நேடெ என்ன? டச்சில் ‘கெர்ன்’ என்கிறார்கள். பருப்பு, கொட்டை, கரு என்றெல்லாம் பொருள்படும் சொல். இழையில் ‘மையம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். ஓர் உள்ளாட்சிக்குள் பத்து இருபது கெர்ன் இருக்கும்போது எல்லாமே மையமாக இருக்க முடியாது. நம் வருவாய்த் துறையின் ‘உட்கிடை’ அழகான சொல்தான், தாய்க்கிராமத்துக்கு உட்பட்ட சிற்றூரைக் குறிப்பது. ஆனால் எழுநூறு ஆண்டு நகர உரிமை உள்ள குரூன்லோவை உட்கிடை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதோடு, உட்கிடை என்றால் தாய்க்கிராமம் எது என்று கேட்க வேண்டும். இங்கே தாய்க்கிராமம் இல்லை.

‘உறுப்பூர்’ என்று வைக்கலாமா? உறுப்பு நாடு என்கிறோம், உறுப்புக் கல்லூரி என்கிறோம். அதே போக்கில் உறுப்பூர். பெர்கல்லாந்து உள்ளாட்சியின் உறுப்பூர் நேடெ. சிறிதா பெரிதா என்று அது சொல்லவில்லை, ஊர் என்ற சொல்லையும் பறித்துக்கொள்ளவில்லை.

இந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஹெங்கலோ, ஹும்மலோ–கெப்பல், ஸ்டேன்டரன், ஃபோர்டன், செல்ஹெம் என்ற ஐந்தும் ஒன்றாகிப் பிரோங்க்ஹோர்ஸ்ட் உள்ளாட்சி ஆனது. பிரோங்க்ஹோர்ஸ்ட் என்ற பெயரில் ஓர் ஊரும் அதற்குள் இருக்கிறது. 1482-இல் நகர உரிமை பெற்றது, இன்று நூற்றைம்பது பேர் அளவில்தான் குடியிருக்கிறார்கள். ஒன்றாக்கத்துக்கு முன் அது ஸ்டேன்டரனுக்குள் அடங்கியிருந்தது. டச்சில் இரண்டையும் ஓர் எழுத்து பிரித்துக் காட்டுகிறது. உள்ளாட்சியின் பெயரில் பழைய பாணியில் ஓர் எழுத்து கூடுதல். தமிழில் எழுதும்போது அந்த எழுத்துக்கு ஒலி இல்லாததால் வேறுபாடு அடியோடு போய்விடுகிறது. பிரோங்க்ஹோர்ஸ்ட் உள்ளாட்சி, பிரோங்க்ஹோர்ஸ்ட் உறுப்பூர் என்று வகைச்சொல்லைச் சேர்த்தால்தான் பிழைக்க முடியும். நூற்றைம்பது பேர் இருக்கும் இடத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள் என்று எவராவது கலைக்களஞ்சியத்தில் எழுதிவைக்கும் ஆபத்து இருக்கிறது.

> அப்படியானால் ‘ஹெரின்டேலிங்’ = ‘ஒன்றாக்கம்’. முடித்துக்கொள்ளலாமா?

இல்லை, இது வேறு. ஹெரின்டேலிங் என்பது விரிந்த சொல். 2018-இல் ஃபிரீஸ்லாந்தில் லிட்டன்செராடேல் என்ற உள்ளாட்சியைக் கலைத்து மூன்று உள்ளாட்சிகளுக்குப் பங்கிட்டார்கள். அதுவும் ஹெரின்டேலிங்தான், ஆனால் அங்கே ஒன்றாக்கம் எங்கே இருக்கிறது? எனவே பொதுச்சொல்லுக்கு ‘மறுபகுப்பு’. டச்சுச் சொல்லின் உறுப்புகளும் அப்படித்தான். ‘மறுவரையறை’யை நாம் தொகுதிகளுக்கு விட்டுவிடுவோம். மறுபகுப்பின் கீழ் ஒன்றாக்கம் ஒரு வகை, பெரியது சிறியதைத் தனக்குள் எடுத்துக்கொண்டு தான் கலையாமல் இருந்தால் ‘உட்சேர்ப்பு’ இன்னொரு வகை.

உட்சேர்ப்பைப் பார்க்க ஒரு தெருவைக் கடந்தால் போதும். டிங்ஸ்பர்லோ என்ற டச்சு ஊரும் சூடர்விக் என்ற ஜெர்மன் ஊரும் ஒட்டிப் பிறந்தவை. டச்சுக்காரர்கள் ஹேல்வெக் என்றும் ஜெர்மானியர் ஹெல்வெக் என்றும் சொல்லும் தெருவின் ஓரத்தில் நாட்டெல்லை போகிறது. ஒரு பக்கத்து வீடு ஒரு நாடு, எதிர்வீடு வேறு நாடு. 1975-இல் சூடர்விக்கைப் பக்கத்து நகரமான போக்ஹோல்ட் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் மொழி அதற்கு வைத்திருக்கும் சொல்லிலேயே ‘உள்ளே’ என்பது இருக்கிறது. போக்ஹோல்ட் போக்ஹோல்டாகவே இருந்தது. தமிழில் கண்ணை மூடிக்கொண்டு உட்சேர்ப்பு எனலாம். முப்பது ஆண்டு கழித்து, 2005-இல், இந்தப் பக்கம் டிங்ஸ்பர்லோவும் ஆல்டனும் ஒன்றாகின. புது உள்ளாட்சியின் பெயரும் ஆல்டன்தான். எனவே பெயரை வைத்து வகையைத் தீர்மானிக்கக் கூடாது. பழைய அமைப்புகள் எல்லாம் கலைந்தனவா, ஒன்று மட்டும் தொடர்ந்ததா என்பதைச் சட்டத்தில் பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

அதே தெருவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கிடையே சிறு நிலத்துண்டு கைமாறினால், மக்கள்தொகை பத்து விழுக்காட்டுக்குக் குறைவாகவே மாறினால், டச்சுச் சட்டத்தில் அதற்கு ‘எல்லைத் திருத்தம்’ என்று தனிப் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1949-இல் நெதர்லாந்து ஜெர்மன் நிலத்துண்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டபோதும் அவர்கள் புழங்கியது அதே சொல்தான். சூடர்விக்கின் ஒரு பகுதி அப்போது டச்சு ஆட்சிக்கு வந்து 1963-இல் திரும்பப் போனது. ஒரே வட்டாரம், ஒரே சொல், இருவேறு செயல்கள். நாம் உள்ளாட்சி எல்லைத் திருத்தம், நாட்டெல்லைத் திருத்தம் என்று அடைமொழியோடு எழுதியே தீர வேண்டும்.

ஏன் இவ்வளவு ஒன்றாக்கம் என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: 1851-இல் டச்சு அமைச்சர் தோர்பெக்கெ உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்தபோது 1,200-ஐ ஒட்டி இருந்தவை 2023-இல் 342 ஆகிவிட்டன. வேலைகள் கூடக்கூட, சிறிய உள்ளாட்சிக்கு அவற்றைத் தாங்கும் ஆட்களோ பணமோ போதாது என்பது அரசு சொல்லும் காரணம். 2015-இல் சிறார் நலமும் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பும் உள்ளாட்சிகளின் தலையில் வந்தபின் அந்த நெருக்கடி கூடியது. அவர்கள் சொல்லும் ‘பெஸ்டூர்ஸ்க்ராக்ட்’ என்பதற்கு ‘ஆட்சித்திறன்’ பொருந்துகிறது.

‘டோர்ப்ஸ்ராட்’ பற்றி ஒரு வேண்டுகோள். ஆட்சி போனபிறகு உறுப்பூர்க்காரர்கள் தாங்களாகக் கூடி நடத்தும் அமைப்பு அது. சொல்லுக்குச் சொல் ‘கிராம சபை’ என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கிராம சபை சட்டத்தில் இடமுள்ளது. டோர்ப்ஸ்ராட் உள்ளாட்சி மன்றத்திடம் எடுத்துச்சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. ‘ஊர்நலச் சங்கம்’ என்ற நம் பழகிய பெயரே அதற்குப் போதும்.

‘நோபர்ஸ்கப்’ என்ற அண்டைவீட்டுக் கடமைக்கு, கல்யாணத்துக்கு வளைவு கட்டுவதிலிருந்து சவப்பெட்டி சுமப்பது வரைக்கும் போகும் அந்த வழக்கத்துக்கு, தனி இழை தொடங்குகிறேன். அது மறுபகுப்பு எதற்கும் அசையாமல் பழைய எல்லைகளிலேயே நிற்கிறது. இங்கே அதைத் திணித்தால் இரண்டும் கெடும்.

அந்தச் சான்றிதழைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். ‘பிறந்த இடம்: பெர்கல்லாந்து உள்ளாட்சி’ என்று இப்போது இருக்கிறது. மூலத்தில் நேடெ இல்லாததால் நானாகச் சேர்க்க முடியவில்லை. அம்மம்மாவுக்கு மட்டும் தனியே ஒரு தாளில் ‘பெர்கல்லாந்து உள்ளாட்சியின் உறுப்பூர் நேடெ’ என்று எழுதி அனுப்பினேன். விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டாராம்.

ஒன்றாக்கம், உறுப்பூர், உட்சேர்ப்பு, மறுபகுப்பு ஆகிய நான்கையும் குழுமத்தின் சொற்பட்டியலில் ஏற்றலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இருப்பவர்கள் உட்சேர்ப்பு உங்கள் பக்கத்துச் சட்டங்களுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் எழுதினால், பட்டியலில் போடும் விளக்கத்தை அதற்கேற்ப மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்