டேபிள்டாப் விளையாட்டு நூல்களுக்கு எடிட்டராக வேலை தேடியபோது: டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணத்திலிருந்து

சென்னையில் ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்தும் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பெற்றோரைக் கவனித்துக்கொள்வதற்காக ஊர் திரும்பியவன் நான். கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஒரு கதையை ஆடும் விளையாட்டு) ஆடி வந்ததால், அத்தகைய விளையாட்டு நூல்களின் துறையில் ஃப்ரீலான்ஸ் எடிட்டராக வேலை தேடலாம் என்று முடிவு செய்தேன். இப்போது சில சிறு பதிப்பாளர்களிடமிருந்து தொடர்ந்து வேலை வருகிறது. இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில், வேலை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இன்று விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. அத்தகைய பெரிய நிறுவனத்தின் கதவை அறிமுகம் எதுவுமின்றித் தட்டுவதைவிட, அந்த விளையாட்டோடு பொருந்தும் நூல்களை வெளியிடும் சிறு பதிப்பாளர்களைத் தேடுவதே பலன் தரும் என்பது என் கருத்து. அந்த விளையாட்டின் விதிகளைப் பிறரும் தங்கள் நூல்களில் பயன்படுத்த அனுமதித்து 2000இல் வந்த திறந்த உரிமம் அப்படிப்பட்ட பதிப்பாளர்களை உருவாக்கியது. அந்த உரிமத்தை மாற்றும் முயற்சிக்கு 2023 ஜனவரியில் பெரும் எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, அடிப்படை விதிகளின் தொகுப்பு, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய, ஒருவர் பக்கம் அமைக்க, கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் பணம் திரட்டி நூல் கொண்டுவரும் இத்தகைய சிறு குழுக்களில் எடிட்டருக்கான இடம் பல சமயங்களில் காலியாகவே இருக்கிறது.

அப்படி ஒரு பதிப்பாளருக்கு என் பணி அனுபவத்தையெல்லாம் விளக்கிக் கடிதம் எழுதியபோது, அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, நான் எந்தெந்த விளையாட்டுகளை மேசையில் நடத்தியிருக்கிறேன் என்பதுதான். ஆங்கில இலக்கணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. இத்தகைய விளையாட்டு நூல்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் அவர் இலவசமாக வைத்திருந்த ஒரு சிறு சாகசத்தை (ஆட்டத்துக்கான கதையும் இடங்களும் அடங்கிய நூல்), அன்றிரவே விளையாட்டை நடத்தப்போகிறவனைப் போலத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து படித்தேன். இருபது முகப் பகடையை உருட்டி, விழும் எண்ணுக்கேற்பப் படிக்க வேண்டிய பட்டியலில் 11–14 என்று ஒரு வரிசையும் 14–17 என்று அடுத்த வரிசையும் இருந்ததால், 14 விழுந்தால் எதைப் படிப்பது என்று தெரியவில்லை. ஒரு மிருகத்தின் ஹிட் பாயின்ட் (அது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 6d8+12, அதாவது எட்டு முகப் பகடைகள் ஆறை உருட்டி 12 கூட்டுவது, என்று கொடுத்து, அதன் சராசரியை 42 என்று எழுதியிருந்தார்கள்; எட்டு முகப் பகடையின் சராசரி நாலரை என்பதால் ஆறு பகடைக்கு 27, அதோடு 12 சேர்த்தால் 39தான் வர வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நான்காம் அறையின் பூட்டுக்கான சாவி ஒன்பதாம் அறையில் இருந்தது. ஒன்பதாம் அறைக்கோ நான்காம் அறை வழியாக மட்டுமே போக முடியும். ஒவ்வொன்றையும் பக்க எண்ணுடன் குறித்து, திருத்தத்துக்கு ஒரு யோசனையையும் சேர்த்து, மரியாதை குறையாத நடையில் அனுப்பினேன். அடுத்த நூலின் பிரதி என்னிடம் வந்தது.

அன்று எனக்கு உறுதியான கருத்து இதுதான்: இந்தத் துறையில் எடிட்டரைத் தேடுகிறவர்கள், விளையாட்டு மேசையில் எந்த இடத்தில் ஆட்டம் நின்றுபோகும் என்பதை அச்சுக்கு முன்பே கண்டு சொல்லக்கூடியவரையே தேடுகிறார்கள். வாக்கியத்தைச் செம்மைப்படுத்துவது அதற்கு அடுத்தபடிதான். நாவலில் ஒரு சொல் தவறினால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். விதிநூலில் ஒரு சொல் தவறினால் ஐந்தாறு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாதிட வேண்டியிருக்கும். ஒரே செயலுக்கு ஓரிடத்தில் ‘செக்’ என்றும் வேறிடத்தில் ‘டெஸ்ட்’ என்றும் எழுதியிருந்தால், இரண்டும் வெவ்வேறு விதிகளோ என்று ஆடுபவர் ஐயுறுவது நியாயமே. ஆகவே பிரதி வந்தவுடன் கலைச்சொற்களுக்கு ஒரு தனித்தாள் தயாரிக்கிறேன். பக்க அமைப்பு முடியும்வரை ‘பக்கம் XX’ என்று விட்டுவைக்கப்படும் குறிப்புகளை மெய்ப்பு நிலையில் ஒன்றுவிடாமல் தேடி நிரப்புவதும் பல நூல்களில் எடிட்டரின் பொறுப்பாகிவிடுகிறது. இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

திருவையாற்றிலிருந்து

கும்பகோணத்து அன்பர் சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. எனக்கு முதல் வேலை கிடைத்ததே ஒரு வரைபடத்தால்தான். ஆற்றோரமாகக் கீழ்நோக்கிப் பயணம் செய்து கடற்கரைத் துறைமுகத்தை அடையும் சாகசம் அது. கழிமுகத்துக்கு அருகில் உள்ள நாடு என்று பிரதி வருணித்தது. ஆனால் வழிநெடுக ஆறு ஒரே ஓட்டமாகப் போவதாகவும், ஊர்களெல்லாம் அதன் கரையிலேயே வரிசையாக இருப்பதாகவும் எழுதப்பட்டிருந்தது. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிந்து போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் உள்ள இடறல் உடனே தெரியும். டெல்டாவில் கீழே போகப்போக ஆறு பிரிந்துகொண்டே இருக்கும். எந்தக் கிளையில் போவது என்ற கேள்வி ஒவ்வொரு பிரிவிலும் ஆடுபவர்கள் முன் வந்து நிற்கும். கிளை தவறினால் அவர்கள் வேறு ஊரில் போய் நிற்பார்கள், பிரதியிலோ அந்த ஊருக்கு ஒரு வரி கூட இல்லை. இதை விளக்கி, ஆறு பிரியும் இடங்களில் மதகையும் அதைக் காக்கும் ஊராரையும் வைத்தால், தண்ணீர்ப் பங்கீட்டுத் தகராறே ஒரு நல்ல காட்சியாக அமையும் என்று எழுதினேன். ஆசிரியர் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று தெரிந்தவுடன், கோயில், சோழர், தெய்வங்கள் வரும் பகுதிகளையும் ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்பார்கள். பண்பாட்டு ஆலோசனை என்பது எடிட்டிங்கிலிருந்து வேறான பணி. அதற்கென்று தனி ஊதியமும், நன்றிப் பக்கத்தில் தனிக் குறிப்பும் கேட்பது நம் உரிமை. நான் கேட்ட பதிப்பாளர்கள் யாரும் அதற்காக முகம் சுளிக்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து

பணம் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். இத்துறையில் ஊதியம் பெரும்பாலும் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில் பேசப்படும். இரண்டு சென்ட் என்று ஒப்புக்கொண்டால் 30,000 சொற்கள் கொண்ட நூலுக்கு 600 டாலர் வரும். ஆனால் அந்தத் தொகைக்குள் எத்தனை முறை படிக்க வேண்டும் என்பதை எழுதி வாங்காவிட்டால், விதி மாறும்போதெல்லாம் முழுப் பிரதியும் திரும்பி வரும். ஒருமுறை முழுமையான திருத்தம், ஒருமுறை பக்கம் அமைத்த பிறகான மெய்ப்பு, அதற்கு மேல் மணிக்கணக்கில் ஊதியம் என்று நான் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்.

எப்போது பணம் தருவார்கள் என்பது இன்னும் முக்கியம். ஒரு சிறு பதிப்பகம் நூல் அச்சாகி வந்த பிறகு தருவதாகச் சொன்னது. கூட்டுநிதியில் வரும் நூல்கள் தள்ளிப்போவது வழக்கம் என்பதால் அந்தப் பணம் வெகுகாலம் கழித்தே கிடைத்தது. திருத்திய பிரதியை ஒப்படைத்த முப்பது நாளுக்குள் என்பதே நியாயமான நிபந்தனை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பணம் அனுப்புவதற்கு முன் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள்; அது வெளிநாட்டவர் என்று உறுதிப்படுத்தும் வரிப் படிவம், அஞ்ச வேண்டியதில்லை. பேபால் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை 2021இல் நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இன்றும் பெறலாம். கட்டணமும் மாற்று விகிதமும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் பங்கை நினைவில் வைத்து விலை பேசுங்கள்.

மாதிரித் திருத்தம் கேட்பவர்களுக்கு ஐந்நூறு சொற்கள் வரை இலவசமாகச் செய்து கொடுக்கிறேன். என் வேலையை எடைபோட அதுவே போதும். ஓர் அத்தியாயம் முழுவதையும் மாதிரி என்று கேட்டால், அதற்குரிய தொகையைக் குறிப்பிட்டுப் பணிவாக மறுமொழி எழுதுகிறேன். நூலின் பணிக்குழுப் பக்கத்தில் எடிட்டர் என்று என் பெயர் வர வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுவேன். அடுத்த பதிப்பாளர் என்னைத் தேடி எழுதியது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.