4 மீட்டருக்குள் ஒரு குடும்ப வண்டி: புதுசா, செகண்ட்ஸா?

ஈரோடு · கேள்வி

வீட்டில் 5 பேர். இருவர் 70 வயதைத் தாண்டியவர்கள், ஒரு குழந்தை. மாதம் 600 முதல் 800 கிலோமீட்டர், பெரும்பாலும் ஊருக்குள். விடுமுறைக்கு மலை. பட்ஜெட் 10 லட்சம். புதுசில் நடு வேரியன்ட் எடுப்பதா, 3–4 வருடம் ஓடிய வண்டியில் டாப் வேரியன்ட் எடுப்பதா? தினமும் வண்டிகளைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.

கோவை · மெக்கானிக்

மாதம் 800 கிலோமீட்டர், அதுவும் ஊருக்குள் என்றால் டீசல் வேண்டாம் சார். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். 60க்கு மேல் சீரான வேகத்தில் 15–20 நிமிடம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை என்று 4 கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். செகண்ட்ஸ் டீசல் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) இத்தனை நாள் அந்த நீர்த்த ஆயிலில்தான் சுற்றியிருக்கிறது.

இனி பெட்ரோல். 1.2 லிட்டர் சாதா எஞ்சினுக்கும் 1.0 டர்போவுக்கும் உள்ள வித்தியாசம் மலையில்தான் தெரியும். ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.2 தருவது சுமார் 114 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை), அதுவும் 4000 ஆர்.பி.எம்.மில். 1.0 டர்போ 172 தருகிறது, 1500இலேயே ஆரம்பித்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் 5 பேரும் ஏ.சி.யும் இருந்தால் 1.2 ஒவ்வொரு வளைவிலும் முதல் கியர் கேட்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே 1.2 போதும், பராமரிக்க எளிது, டர்போ குழாயில் கசிவு என்ற பேச்சே இல்லை.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் 4 வகை விற்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. வென்யூ, சோனெட் 1.0 டர்போவில் இருப்பது உலர் வகை இரட்டை கிளட்ச், அதாவது டி.சி.டி. நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும். நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தாலோ, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தாலோ பிளேட் உரசிச் சூடாகும், எச்சரிக்கை விளக்கு வரும். 2022க்குப் பின் வந்த பிரெஸ்ஸா, எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. பெட்ரோல், கைலாக், சோனெட் டீசல் இவற்றில் இருப்பது 6 வேக டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இருப்பது திரவம் என்பதால் நெரிசல் அதை அவ்வளவு சோதிக்காது. மேக்னைட், கைகர் டர்போவில் கியர் படிகளே இல்லாத சி.வி.டி. பஞ்ச், எக்ஸ்டர் போன்றவற்றில் ஏ.எம்.டி.; அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவே. ஊருக்குள் நெரிசல், விடுமுறைக்கு மலை என்றால் என் முதல் தேர்வு டார்க் கன்வெர்ட்டர். அந்த வேரியன்ட் பட்ஜெட்டில் வரவில்லையா, மேனுவல் எடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் எடுக்கும் விதம்: டி.சி.டி. வண்டியை முதலில் 20 நிமிடம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள். குளிர்ந்த வண்டியில் மறைந்திருக்கும் உதறல் அப்போதுதான் வெளியே வரும். மேனுவலில் 4ஆம் கியர், 40 வேகம், லேசான ஏற்றம், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இன்னும் நல்ல விலையில் கிடைக்கிறது. கட்டுமானம் உறுதியானது, ஸ்டியரிங் பிடிப்பு இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. 2021இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும் சர்வீஸ் தொடர்கிறது. ஆனால் இரண்டு வகையைத் தவிர்க்கவும். ஒன்று, 2017க்கு முந்தைய பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக். உலர் கிளட்ச் உதறலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக் கோளாறும் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. இன்னொன்று, சர்வீஸ் சீட்டு இல்லாத 1.0 ஈகோபூஸ்ட். அதன் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுற்றுகிறது. தவறான ஆயில் ஊற்றினால் ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும், பிரஷர் இறங்கி எஞ்சினே போகும். இன்ன தர ஆயில் ஊற்றினோம் என்று பில்லில் எழுதியிருந்தால் மட்டும் அந்த வண்டியைப் பாருங்கள்.

சென்னை · காப்பீட்டு சர்வேயர்

எந்தச் செகண்ட்ஸ் வண்டிக்கும் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் மூழ்கியவை, முழுச் சேதம் என்று முடிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகும். சரிசெய்யப்பட்டு வேறு ஊர் சந்தையில் நிற்கும்.

மேலே பாலிஷ் போடலாம். கீழ்க்கண்ட இடங்களை யாரும் முழுதாகத் துடைப்பதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் பழுப்புக் கோடு தெரியும். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்தின் அடிப்பகுதியையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். ஸ்டெப்னி குழி, டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி, கால் வைக்கும் இடத்து ஒயர் கனெக்டர்கள். கனெக்டர் ஊசியில் பச்சை பூத்திருந்தால் பேரமே பேசாதீர்கள். செம்பில் ஏறிய அந்த அரிப்பு ஒயருக்குள்ளேயே நகரும். முதலில் ஒரு சென்சார், பிறகு பவர் விண்டோ, பிறகு ஏர்பேக் விளக்கு என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் போகும். கடுமையான வாசனைத் திரவியம் அடித்த வண்டியை ஏ.சி.யை அணைத்து, கண்ணாடி ஏற்றி, வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

விற்பவரின் நடப்புப் பாலிசி நகலைக் கேளுங்கள். 4 வருட வண்டி, ஒரே உரிமையாளர், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) 0 என்றிருந்தால் அண்மையில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம். என்ன கிளெய்ம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 50 சதவீதம் இருந்தாலும் அசந்துவிடக் கூடாது. போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு; பழைய காரிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம்.

புது வண்டியானாலும் தண்ணீர் தேங்கும் தெருவென்றால் காப்பீட்டில் எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்றுபோன வண்டியைத் தண்ணீருக்குள்ளேயே திரும்ப ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராட் வளைந்தால், சாதாரண முழுக் காப்பீடு அதற்குப் பணம் தராது.

சேலம் · செகண்ட்ஸ் வண்டி மதிப்பீடு

போகும் முன்னரே "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர் ஸ்டார்ட்டில் நீலப் புகை, ஓரிரு வினாடி செயின் சலசலப்பு, நடுக்கம் எல்லாம் தெரியும். சூடேறியபின் எதுவும் தெரியாது.

பெயின்ட் அளக்கும் மீட்டர் வாடகைக்கும் கிடைக்கிறது. கம்பெனி பெயின்ட் 80 முதல் 150 மைக்ரான். 200க்கு மேல் போனால் திரும்ப அடித்தது. 500க்கு மேல் என்றால் அடியில் பட்டி. கதவு, ஃபெண்டர் திரும்ப அடித்ததற்காக நல்ல வண்டியை விடாதீர்கள். நம் ஊர் பைக் நெரிசலில் அது சகஜம். பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை, பானட்டுக்கு அடியில் பக்கச் சுவராக உள்ள ஏப்ரன், இந்த மூன்றில் கை வைத்திருந்தால் வேண்டாம். கதவு ரப்பரைப் பிதுக்கிப் பாருங்கள்: கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டக் குழிகளாக இருக்கும். டிங்கரிங் செய்த இடம் வழவழவென்றோ கோணலாகவோ இருக்கும். பானட் கீல் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள்.

ரீடிங்கை நம்ப டயரைக் கேளுங்கள். டயர் ஓரத்தில் 4 இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டு 23ஆம் வாரம். வண்டி 2021, ரீடிங் 28,000, நான்கு டயரும் 2024 என்றால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி டயர் பொதுவாக 40,000 தாண்டித்தான் தேயும். நான்கு கண்ணாடியின் தயாரிப்பு ஆண்டையும் ஒப்பிடுங்கள். கடைசியாக, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர். மீட்டரைக் குறைப்பவர் டேஷ்போர்டு எண்ணை மாற்றுவார். சில வண்டிகளில் கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ். பெட்டிகளில் பழைய கிலோமீட்டர் அப்படியே பதிந்திருக்கும். பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால் நீங்கள் வருவதற்குச் சற்று முன் அழித்திருக்கிறார்கள்.

வேகத்தடையில் 15 வேகத்தில் ஏறும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட், சின்னச் செலவு. டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் அலைன்மென்ட்டையும் பார்க்க வேண்டும். இவை பேரத்துக்கான விஷயங்கள், வண்டியைக் கைவிடுவதற்கானவை அல்ல.

திருச்சி · ஷோரூம் விற்பனை

விலையில் இரண்டு கோடுகள் உண்டு. முதல் கோடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1200 சி.சி.க்குள் அல்லது டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40. பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்தான், ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1462 சி.சி., அதனால் 40இல் வருகிறது. செகண்ட்ஸ் விற்பவர் "அப்போ ஆன்ரோடு இவ்வளவு கொடுத்தேன்" என்று பழைய பில்லைக் காட்டினால், இன்றைய புது வண்டி விலையை வைத்துக் கழித்துப் பேசுங்கள். பழைய விலைக்கு இப்போது பொருளில்லை.

இரண்டாவது கோடு தமிழ்நாட்டு ஆயுள் வரி. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. 9.9 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.1 லட்சத்துக்கு 1.82 லட்சம். 20,000 ரூபாய் அலாய் வீல் ஆசைக்கு வரி மட்டும் 53,000 கூடுகிறது. 10 லட்சம் தாண்டினால் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வேறு, அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பதிவுக்கு முன் யார்டில் போய் வண்டியைப் பாருங்கள். படிவம் 22இல் தயாரிப்பு மாதம் இருக்கும். 6 மாதம் வெயிலில் நின்ற வண்டியென்றால் பேட்டரி, டயர், வைப்பர் ரப்பர் பார்த்துத் தள்ளுபடி கேளுங்கள். காப்பீட்டை வெளியே எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

மதுரை · ஆர்.டி.ஓ. வேலைகள்

பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் எண்ணைப் போட்டு எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம் இருக்கிறதா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா பார்க்கவும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கி தனியாகப் பார்க்க வேண்டும். கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் முடிந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணையில்லாச் சான்று) படிவம் 35. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28, மேலும் இங்கே வயதுக்கேற்ற வரி. புதுச்சேரி வண்டி, டீசல் 10 ஆண்டுக்கு மேல் ஓடக் கூடாது என்ற கெடுவுக்குப் பயந்து டெல்லியிலிருந்து வரும் வண்டி, இரண்டிலும் விலை குறைவாகத் தெரிவது இந்த வரியைச் சேர்க்காததால். சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

விற்கிற அண்ணன்மாருக்கும் ஒன்று: ஆர்.சி. மாறும் வரை விபத்துப் பொறுப்பு பதிவில் உள்ள பெயருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் 14 நாளுக்குள் காப்பீட்டையும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

ஈரோடு · கேள்வி

பெரியவர்கள் ஏறி இறங்குவது பற்றி யாராவது சொல்லுங்களேன். ஃபுட்போர்டு போட்டால் உதவுமா?

தஞ்சாவூர் · டிராவல்ஸ் ஓட்டுநர்

ஃபுட்போர்டு வேண்டாம் சார். இந்த உயர வண்டிகளில் அது காலைத் தள்ளி வைக்கச் செய்கிறது. பெரியவர் ஒரு காலை அதில் வைத்து, அடுத்த காலைத் தூக்கும்போது தடுமாறுவார். வேகத்தடையிலும் இடிக்கும். பெரியவரைத் திறந்த கதவருகே நிற்க வையுங்கள். சீட் அவர் தொடையின் நடுவில் தொட வேண்டும். அதற்குக் கீழே என்றால் விழுவது போல் உட்காருவார், மேலே என்றால் ஏற வேண்டும். ஒரே உயர வண்டியிலும் கதவுப் படியின் அகலம் வேறுபடும். அகலப் படியென்றால் சேலை, வேட்டி உரசும். மேல் கைப்பிடி பின் கதவிலும் இருக்கிறதா பாருங்கள். சன்ரூஃப் வேரியன்ட்டில் பின்னால் தலை இடம் சற்றுக் குறையும்.

டிக்கி லிட்டர் கணக்கை மட்டும் நம்பாமல், மடக்கு சக்கர நாற்காலி இருந்தால் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். உள்ளே தூக்கி வைக்கும் விளிம்பு உயரம்தான் முதுகைப் பதம் பார்க்கும்.

குழந்தை சீட் பெரும்பாலும் 44 சென்டிமீட்டர் அகலம். பின் சீட்டின் இரு ஓரங்களில்தான் அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. குழந்தை சீட்டை மாட்டிவிட்டு இரண்டு பெரியவர்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்துங்கள். நடுவில் இருப்பவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலையணையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். அகலத்தில் எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. முன்னால் நிற்கிறது: 1821 மில்லிமீட்டர், வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 2600, மற்றவை பெரும்பாலும் 2500ஐ ஒட்டியவை. அதிலும் தோள் இடித்தால் 4.3 மீட்டர் வண்டிக்குத்தான் போக வேண்டும். புதுசில் அங்கே 40 சதவீத வரி. ஆகவே 10 லட்சத்துக்கு 2020–21 கிரெட்டா அல்லது செல்டோஸ், 1.5 சாதா பெட்ரோல் மேனுவல் தேடுங்கள். சேலம் அண்ணன் சொன்ன சோதனை முழுவதும் அதற்குப் பொருந்தும்.